கோயிற் கதவு திறந்த பிறகு

(நூற்றாண்டு விழாவையொட்டி அளவெட்டியில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூறு வருட வரலாற்றைச் சொல்ல எங்களைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்திலே இருக்கிறார்கள். விழாக் குழுவினர் எங்களிடம் கேட்டது வேறொன்று. "கொரோனாக் காலத்தில் கோயில்கள் பூட்டப்பட்டதையும் பிறகு திறந்ததையும் பற்றிக் கத்தோலிக்கப் பழைய மாணவிகளாகிய நீங்கள் பேசுங்கள்" என்றார்கள். நேற்று நடந்தது போன்ற ஒரு விடயத்துக்கு நூற்றாண்டு மலரிலே இடம் வேண்டுமா என்று முதலில் யோசித்தோம். பிறகு, இன்னும் ஐம்பது வருடம் கழித்து இந்த மலரைப் புரட்டப் போகிற ஒரு பிள்ளையை நினைத்தோம். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வைப் பற்றி அந்தப் பிள்ளைக்குச் சொல்லப் புத்தகங்கள் இருக்கும். வெறுங் கோயிலில் ஒரு குருவானவர் தனியாக நின்று உயிர்ப்புப் பூசை ஒப்புக்கொடுத்ததை யார் எழுதி வைப்பார்கள்? ஆகவே பேச ஒப்புக்கொண்டோம்.

அளவெட்டி நாதஸ்வரத்தாலும் தவிலாலும் பெயர் பெற்ற ஊர். என். கே. பத்மநாதன் அவர்களும் தெட்சணாமூர்த்தி அவர்களும் வாழ்ந்த ஊர். கவிஞர் மஹாகவி பிறந்த ஊர். கும்பழாவளைப் பிள்ளையாரின் மணியோசை கேட்டே நாங்களெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டோம். இங்கே கத்தோலிக்கராகிய நாங்கள் சிறு தொகையினர். ஆனால் எங்களைச் சுற்றி இளவாலை, சில்லாலை, பண்டத்தரிப்பு, மாதகல், மல்லாகம் என்று பழைய பங்குகள் இருக்கின்றன. சைக்கிளிலும் நடையிலும் போய் வந்த கோயில்கள் அவை. அந்தக் கோயில்களைப் பற்றியே இன்று பேசுகிறோம். என்றாலும் எங்கள் சைவச் சகோதரிகளுக்கும் அமெரிக்க மிஷன் சபையைச் சேர்ந்த சகோதரிகளுக்கும் இந்தக் கதை புதிதாக இராது. நல்லூர்க் கந்தனுடைய வீதியே அடியார் கூட்டமில்லாமற் கிடந்த வருடங்கள் அவை.

முதலில் நடந்ததை ஒழுங்காகச் சொல்லி விடுகிறோம். 2020 மார்ச் முதல் வாரத்தில் கச்சதீவில் புனித அந்தோனியார் திருவிழா வழமைபோல நடந்தது. இந்தியாவிலிருந்தும் இங்கிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்து கூடினார்கள். மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. 22ஆம் திகதி யாழ்ப்பாணத்தின் முதலாவது தொற்றாளர் அடையாளங் காணப்பட்டார். ஒரு கிழமைக்கு முன்னர், மார்ச் 15 அன்று, அரியாலையில் நடந்த ஓர் ஆராதனையை நடத்திய போதகருடன் அவருக்குத் தொடர்பு இருந்தது. அந்தப் போதகர் சுவிற்சர்லாந்திலிருந்து வந்தவர். திரும்பிப் போன பின்னர்தான் அவருக்கு நோய் இருப்பது தெரியவந்தது. யாரிலும் குற்றங் காண்பதற்காக இதைச் சொல்லவில்லை. நோயோடு வருகிறோம் என்று தெரிந்து ஒருவரும் செபிக்க வருவதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் இந்த நோயின் கதை ஒரு வழிபாட்டுக் கூட்டத்தோடு சேர்ந்து தொடங்கியது என்பதை மறைக்க முடியாது. பல மாவட்டங்களிலே ஊரடங்கு தளர்த்தப்பட்ட போதும் யாழ்ப்பாணம் அபாய வலயப் பட்டியலிலேயே வாரக்கணக்கில் இருந்தது.

அந்த வருடம் குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 5. குருத்தோலை வெட்ட ஆள் வரவில்லை. பெரிய வியாழனன்று பன்னிருவருடைய பாதங்களைக் கழுவும் சடங்கை விட்டுவிடும்படி உரோமையிலிருந்தே கட்டளை வந்தது. பெரிய வெள்ளியில் சிலுவையை முத்தி செய்ய வரிசை இல்லை. ஏப்ரல் 12 உயிர்ப்பு ஞாயிறு. எங்கள் கோயில்களில் மணி மட்டுமே அடித்தது. அதற்கு முன்னர் மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்திலே திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நடந்து வந்து உலகத்துக்கு ஆசீர்வாதம் கொடுத்ததை நம்மில் அநேகர் தொலைக்காட்சியிலே பார்த்தோம். உரோமையும் இளவாலையும் ஒரே நிலையில் இருந்தன.

கோயிலுக்குப் போக முடியாமற் போனது எங்களுக்கு அது முதல் தடவையா? இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கியபோது, நாங்கள் கோயில்களை அப்படியே விட்டுவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். பலர் அங்கிருந்து வன்னிக்கும் போனார்கள். 1996 ஏப்ரலுக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள், ஓடு இல்லாத கூரையின் கீழும் பூசை கண்டார்கள். வலிகாமம் வடக்கின் ஒரு பகுதியினருக்கோ 1990இல் விட்டுவந்த கோயிலைப் பார்க்க இருபது வருடத்துக்கு மேலாயிற்று. பிறகு 2019 ஏப்ரல் 21. அந்த உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஞாயிறு ஆலயங்களிலே பொதுப் பூசை இல்லை. கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தமது இல்லச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியிலே கண்டோம். பூசையைத் திரையில் காணுவதற்கு நாங்கள் பழகியது கொரோனாவால் அல்ல; அதற்கு ஒரு வருடம் முன்னதாகவே.

ஆனாலும் 2020 வேறுமாதிரியானது. யுத்த காலத்திலே பயம் வந்தால் நாங்கள் கோயிலுக்குள்ளே ஓடினோம். நவாலி புனித பேதுரு பாவுலு ஆலயத்தில் 1995 யூலை 9ஆம் திகதி நேர்ந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகும் சனம் கோயில்களிலேதான் தங்கியது. பக்கத்தில் இன்னொருவர் இருப்பதே ஒரு பாதுகாப்பு என்று நினைத்த சனம் நாங்கள். தொற்று அந்த நினைப்பையே திருப்பிப் போட்டது. பக்கத்தில் இருப்பவர்தான் ஆபத்து. அவருக்கு நாங்கள் ஆபத்து. வாங்கில் நெருங்கி இருந்து ஒரே புத்தகத்தைப் பார்த்துப் பாடிய பழக்கமே பிழை என்றாயிற்று.

பாட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தவக்காலத்திலே எங்கள் கோயில்களில் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பதும் பசாம் பாடுவதும் எவ்வளவு பழைய வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் பெயரோடு அந்தப் பிரசங்கம் இன்றைக்கும் வழங்குகிறது. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்திழுக்கும் பாட்டு அது. இதை நிற்பாட்டச் சொன்னபோது மூத்தவர்கள் சிலருக்குக் கோபம் வந்தது. "பாட்டாலே நோய் வருமோ?" என்று கேட்டார்கள். அமெரிக்காவின் வொஷிங்ரன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழுவின் ஒத்திகைக்கு 61 பேர் வந்திருந்தார்கள். இரண்டரை மணித்தியாலம் பாடினார்கள். அவர்களில் 53 பேர் நோயாளிகளாயினர். இருவர் இறந்து போயினர். இந்த விபரத்தைப் படித்த பிறகுதான் எங்கள் மூத்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல முடிந்தது. பாட்டில் குற்றமில்லை, மூச்சை அடக்கிப் பாட ஒருவராலும் முடியாது என்பதே விடயம்.

சரி, கோயில் பூட்டிக் கிடந்த அந்த மாதங்களில் செபம் நின்றுவிட்டதா? நிற்கவில்லை. அதை நடத்தியவர்கள் யார் என்பதைத்தான் இந்தச் சபையிலே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வீட்டு விறாந்தையிலே மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மாதா சுரூபத்தை வைத்து, பிள்ளைகளை இருத்திச் செபமாலை சொன்னவர்கள் அம்மாமாரும் அம்மம்மாமாரும். அதாவது, இந்தப் பாடசாலையின் பழைய மாணவிகள். வாசகத்தை வாசித்தவர்களும் அவர்கள். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தவர்களும் அவர்கள். பள்ளிக்கூடத்திலே படித்த தையற் பாடமும் அப்போது உதவியது. சட்டைத் துணியிலே முகக்கவசம் தைத்து, மதம் பார்க்காமல் அயலெல்லாம் கொடுத்தோம். திருவிழாக்கள் நின்றதால் வருமானம் இழந்த மேளக்காரர் குடும்பங்களுக்கு அரிசியும் பருப்பும் போய்ச் சேர்ந்ததில் வெளிநாட்டுச் சகோதரிகளின் பங்கு பெரிது. அவர்கள் பெயர் சொல்ல வேண்டாம் என்றதால் சொல்லவில்லை.

இப்படி வீட்டிலே வேதத்தைக் காப்பாற்றுவது இந்த மண்ணுக்குப் பழக்கமானதுதான். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். 1687இல் யோசேப் வாஸ் அடிகள் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது வருடங்கள், இங்கே குருவானவரும் இல்லை, பகிரங்கப் பூசையும் இல்லை. வந்தவர் தங்கிப் பணிசெய்த இடங்களில் ஒன்று இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள சில்லாலை. அங்கே அவரை ஏற்றுக்கொள்ள விசுவாசிகள் இருந்தார்கள் என்றால், இடையிலிருந்த முப்பது வருடமும் வீடுகளிலே யாரோ பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் பெயர் ஒரு ஏட்டிலும் இல்லை. அதே அடிகளார் 1697இல் கண்டியிலே அம்மை நோய் பரவியபோது, மற்றவர்கள் நகரை விட்டு ஓட, நோயாளிகளோடு தங்கியிருந்து பராமரித்தார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது நம்மில் பலர் அங்கே போயிருந்தோம். கோயில் இல்லாமலே திருச்சபை உயிரோடு இருக்கும் என்பதையும், நோய்க் காலத்திலே அது நோயாளியின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதையும் அவருடைய வாழ்க்கை சேர்த்தே காட்டுகிறது.

வெளிநாட்டுச் சகோதரிகளே, உங்களுக்கும் ஒன்று நினைவிருக்கும். அந்தக் காலத்தில் கைபேசியிலே எல்லாரும் ஒன்றாகச் செபமாலை சொல்லத் தொடங்கினோம். அளவெட்டியில் இரவு ஏழரை மணி என்றால் லண்டனில் பிற்பகல் மூன்று, ரொறன்ரோவில் காலை பத்து, சிட்னியில் நள்ளிரவு. நித்திரை முழித்தும் வேலைக்கு இடையிலும் வந்தீர்கள். ஊரை விட்டுப் போய் முப்பது வருடமானவர்கள், பிறந்த பங்கின் பூசையை முதல் தடவையாகத் திரையிலே கண்டு அழுதார்கள். இலண்டனிலும் பாரிசிலும் உங்கள் கோயில்களும் பூட்டித்தான் கிடந்தன. இங்கிலாந்தில் 2020 யூலை 4 முதல்தான் பொது வழிபாட்டுக்கு அனுமதி கிடைத்தது. பிரான்சில் கோயில் எவ்வளவு பெரிதானாலும் முப்பது பேர் மட்டும் என்ற கட்டுப்பாட்டை எதிர்த்து நீதிமன்றம்வரை போய், 2020 நவம்பர் இறுதியிலே மாற்றிக் கொண்டார்கள். நாங்கள் நீதிமன்றம் போகவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னதைக் கேட்டு நடந்தோம்.

இலங்கையிலே 2020 ஜூனில் வழிபாட்டிடங்களைத் திறக்க அனுமதி வந்தது. ஆனால் உள்ளே 50 பேருக்கு மேல் கூடாது. அந்த முதற் பூசைகளை நினைத்துப் பாருங்கள். வாசலிலே பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதும் கொப்பி. கை கழுவ வாளியும் சவர்க்காரமும். உள்ளே தீர்த்தத் தொட்டி வறண்டு கிடந்தது. வாங்குகளிலே இருக்கலாம், இருக்கக்கூடாது என்று அடையாளம். சமாதானம் பகிரும்போது கை கொடுக்காமல் கும்பிட்டோம். அது எங்களுக்கு ஒரு கஷ்டமுமில்லை. நாவிலே நற்கருணை வாங்கிப் பழகிய மூத்தவர்களுக்குக் கையிலே வாங்குவதுதான் பெரிய மனக்கஷ்டம். நடுங்கும் கையை நீட்டி வாங்கி, உள்ளங்கையில் ஒரு துகளும் இல்லை என்று பார்த்துப் பார்த்து உட்கொண்டார்கள். அந்தப் பயபக்தியைக் கண்ட பிள்ளைகள் அதற்குப் பிறகு நற்கருணை வாங்கும் விதமே மாறியது என்று மறைக்கல்வி ஆசிரியைகள் சொல்கிறார்கள்.

எல்லாரும் நினைப்பதுபோல நாங்கள் ஒரு தடவை திரும்பி வரவில்லை. 2020 ஒக்ரோபரில் இரண்டாவது அலை வந்தது; மறுபடி கட்டுப்பாடு. 2021 சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு மூன்றாவது அலை, அதுதான் கொடியது. மே மாத இறுதியிலே யாழ்ப்பாணத்தில் தடுப்பூசி தொடங்கியது. ஓகஸ்ற் 20 முதல் ஒக்ரோபர் 1 வரை நாடு மறுபடி முடங்கியது. கச்சதீவுத் திருவிழாவுக்கு 2021இல் யாத்திரிகர் இல்லை. 2022இல் கொஞ்சப் பேர். 2023இல்தான் பழைய கூட்டம். இனி ஒழுங்காகக் கோயிலுக்குப் போகலாம் என்றிருக்க, 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. கோயில் திறந்திருந்தது, போக எண்ணெய் இல்லை. கியூ.ஆர். முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு ஒரு கிழமைக்கு ஐந்து லீற்றர் பெற்றோல் கொடுத்தார்கள். அந்த ஐந்து லீற்றரில் ஓடிப் பிழைக்க வேண்டிய ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமை அம்மம்மாவைக் கோயிலுக்கு ஏற்றிப் போ என்று எப்படிக் கேட்பது? மின்வெட்டால் இணையப் பூசையும் இடையிலே நின்றது. 2023 மே 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 இனி உலகளாவிய சுகாதார அவசரநிலை அல்ல என்று அறிவித்தது. அது செய்தியாக வந்தபோது எங்கள் பங்குகளில் வாழ்க்கை ஏற்கெனவே வழமைக்குத் திரும்பிவிட்டது போலத் தெரிந்தது.

திரும்பிவிட்டது போலத் தெரிந்தது என்றுதான் சொல்கிறோம். நாங்கள் இன்று சொல்ல வந்த விடயம் இங்கேதான் இருக்கிறது. கோயில் நிறைந்திருக்கிறது, கொடியேற்றம் நடக்கிறது, சுரூபம் வீதி சுற்றி வருகிறது. ஆனால் வாங்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், 2020க்கு முன்னர் அதிலே இருந்த எல்லாரும் இப்போது இல்லை.

முதலாவது, மூத்தவர்கள். ஐம்பது பேர் மட்டும் என்றபோது, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலே இருப்பது நல்லது என்று சொன்னோம். அது அவர்களுடைய நன்மைக்காகச் சொன்னது, சரியானதுதான். ஆனால் வரலாம் என்று திரும்ப யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை. இரண்டு மூன்று வருடம் வீட்டுக்குள் இருந்ததில் முழங்கால் இறுகிவிட்டது, கண் மங்கிவிட்டது, தனியாக வீதி கடக்கும் துணிவு போய்விட்டது. நாளும் பூசை காணாமல் பள்ளிக்கூடம் வராத எங்கள் ஆசிரியைகள் சிலரும் அவர்களிலே இருக்கிறார்கள். வீட்டிலே செபத்தை நடத்திக் காப்பாற்றியவர்களே கடைசியாகக் கோயிலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

இரண்டாவது, துக்கம் கொண்டாட முடியாமற் போனவர்கள். கொவிட் நோயால் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும், புதைக்கக்கூடாது என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அது மாறியது. எங்கள் திருச்சபை 1963 தொடக்கம் தகனத்தைத் தடைசெய்யவில்லை. ஆகவே எங்களுக்கு அது வேதத்துக்கு மாறானதாக இருக்கவில்லை. முஸ்லிம் சகோதரர்களுக்கு அது எவ்வளவு பெரிய காயம் என்பதை அப்போது நாங்கள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேறு நோயால் இறந்தவர்களுக்கும் அந்த நாட்களிலே சனம் கூட முடியவில்லை. சேமக்காலைக்குச் சிலர் மட்டும் போனார்கள். ஒப்பாரி சொல்ல ஆளில்லை. எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் உறவுகள் வரவில்லை. வெளிநாட்டிலிருந்த மகள் தாயின் முகத்தைக் கைபேசியிலே பார்த்தாள். 2020இல் இறந்தோருக்கான பரிபூரண பலனை நவம்பர் 2ஆம் திகதியை ஒட்டிய நாட்களுக்கு மட்டுமல்லாமல் மாதம் முழுவதற்கும் உரோமை நீடித்துத் தந்தது. சேமக்காலையிலே கூட்டம் சேராமல் இருக்க அந்த ஏற்பாடு. அந்த மாதம் முடிந்தது. துக்கம் பலருக்கு இன்னும் முடியவில்லை.

மூன்றாவது, திரையோடு நின்றுவிட்டவர்கள். பூசையைக் கைபேசியில் காணுவது சுகமாக இருக்கிறது. வெயிலில்லை, உடுப்பு மாற்றத் தேவையில்லை. இதைப் பற்றித் திருத்தந்தை 2020 ஏப்ரல் 17 அன்று தமது காலைப் பூசையிலேயே எச்சரித்தார். இது இக்கட்டிலிருந்து வெளியேறும்வரைக்கும் உரிய வழி, அதிலேயே தங்கிவிடுவதற்கு அல்ல என்பது அவர் சொன்னதன் கருத்து. அதே வருடம் ஓகஸ்ற் 15 திகதியிட்டுத் திருவழிபாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு எழுதிய கடிதமும், நற்கருணைக்கு மகிழ்ச்சியோடு திரும்புங்கள் என்றே கேட்டது. பார்ப்பதும் பங்கெடுப்பதும் ஒன்றல்ல; விருந்தைப் படத்திலே பார்த்துப் பசி ஆறாது. நடக்கக் கூடியவர்கள் வரத்தான் வேண்டும்.

ஆனால் இதிலே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோயில் திறந்ததும் பல இடங்களிலே நேரடி ஒளிபரப்பை நிற்பாட்டினார்கள். வரக் கூடியவர்களை வரவைக்க அது உதவியிருக்கலாம். வரவே முடியாதவர்களுக்கோ, கட்டிலோடு கிடப்பவர்களுக்கோ, பனி நாட்டிலே முதியோர் இல்லத்தில் தமிழ்ச் சொல் ஒன்று கேட்க ஏங்கி இருப்பவர்களுக்கோ அது இரண்டாவது தடவையாகக் கதவு பூட்டியது போலாயிற்று. முதல் தடவை எல்லாருக்கும் சேர்த்துப் பூட்டினார்கள். இரண்டாவது தடவை அவர்களுக்கு மட்டும்.

ஆகவே, திரும்பி வருதல் என்றால் என்ன என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டபோது வந்த முடிவு இதுதான். கதவைத் திறந்துவிட்டு வருகிறவர்களை எண்ணுவதோடு அது முடியாது. வராதவர்களின் பெயரைச் சொல்லித் தேடிப் போனால்தான் பங்கு திரும்பி வந்தது என்று சொல்லலாம். இதைக் குருவானவர் ஒருவராலே செய்ய முடியாது. யார் எந்த ஒழுங்கையிலே இருக்கிறார்கள், யாருடைய மகள் எந்த நாட்டிலே இருக்கிறாள், யாருக்கு என்ன வருத்தம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அதற்காக இந்தச் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். பெரிய செலவுள்ளது ஒன்றுமில்லை.

முதலாவது, எங்கள் சுற்றுப் பங்குகளில் வீட்டோடு இருக்கும் மூத்தவர்களின் பட்டியலை ஒழுங்கை ஒழுங்கையாக எடுத்துப் பங்குத்தந்தையரிடம் கொடுப்போம். நடக்கக் கூடியவர்களை மாதம் ஒரு ஞாயிறு கூட்டி வர முச்சக்கர வண்டிக் கூலியைச் சங்கம் ஏற்கட்டும். முடியாதவர்களுக்கு நற்கருணை வீடு தேடி வர ஒழுங்கு செய்வோம். மரியாயின் சேனையிலும் வின்சன்ட் டி போல் சபையிலும் இருப்பவர்கள் இதிலே ஏற்கெனவே பழகியவர்கள். சைவ மூத்தவர்களுக்கும் அதே வண்டி கும்பழாவளைக்குப் போகலாம். இது எல்லாருடைய பாடசாலை.

இரண்டாவது, 2020 மார்ச் தொடக்கம் 2021 முடியும்வரை சனம் கூடாமல் அடக்கம் செய்யப்பட்ட எங்கள் பழைய மாணவிகள், ஆசிரியைகள், அவர்கள் குடும்பத்தவர்கள் எல்லாருடைய பெயரையும் பங்கு மரணப் பதிவேடுகளிலிருந்தும் உறவினரிடமிருந்தும் சேர்ப்போம். வருகிற நவம்பரிலே ஒரு பூசையில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் வாசிப்போம். வெளிநாட்டிலே இறந்தவர்களையும் சேர்க்க வேண்டும். அங்கிருந்து பெயர்களை அனுப்புங்கள். அன்றைக்கு யாரும் அழுதால் அழட்டும். அழ வேண்டிய காலத்தில் அழ முடியாமற் போனவர்கள் அவர்கள்.

மூன்றாவது, ஞாயிறு ஒரு பூசையையும், உறவினர் கேட்டால் அடக்க ஆராதனையையும் ஒளிபரப்பும் வசதியை நிலையாக வைத்திருக்கப் பங்குகளுக்கு உதவுவோம். அதைப் பார்க்கிறவர்களில் நடக்கக் கூடியவர் யார், முடியாதவர் யார் என்று எங்களுக்குத் தெரியும். முன்னவரைக் கோயிலுக்குக் கூப்பிடுவோம்; பின்னவரைத் திரைக்குள்ளே தனியாக விடாமல் பூசை முடிந்ததும் ஒரு தடவை தொலைபேசி எடுத்துப் பேசுவோம்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்லி முடிக்கிறோம். முதல் நன்மை பிந்திப் பிந்தி, கூட்டமில்லாமல், முகக்கவசத்தோடு வாங்கிய பிள்ளைகள் இன்றைக்கு மேல் வகுப்புகளில் படிக்கிறார்கள். அவர்களுக்குப் பெரிய விருந்தோ ஊர்வலமோ இருக்கவில்லை. ஆனால் தங்கள் வீட்டு விறாந்தையே கோயிலாக இருந்ததை அவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இனி நாங்கள் காட்ட வேண்டியது, கோயில் திறந்ததும் வீட்டிலிருந்த கிழவியை மறக்காத ஒரு பங்கை. சில்லாலையில் முப்பது வருடம் செபத்தைக் காப்பாற்றிய அந்தப் பெயர் தெரியாத தாய்மாருக்குப் பிறகு வந்தவர்கள் நாங்கள். எங்கள் காலத்து மூத்தவர்களின் பெயராவது தெரிந்திருக்கட்டும், எழுதியிருக்கட்டும், கூப்பிடப்படட்டும்.

நூறு வருடம் இந்தப் பாடசாலையைக் காத்த இறைவன் எங்கள் எல்லாரையும் காப்பாராக. பட்டியல் எழுதக் கொப்பி ஒன்று வாசல் மேசையிலே வைத்திருக்கிறோம். வீட்டுக்குப் போகமுதல், உங்களுக்குத் தெரிந்த ஒருவருடைய பெயரையாவது எழுதிவிட்டுப் போங்கள்.